ஆறு கார்களில் நான் மாட்டிய வால்வு

1. ஆறு கார்களில் பின்சக்கர டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் மாட்டினேன்.
2. பின்சக்கரங்களுக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வை ஆறிலும் நானே தேர்ந்தெடுத்தேன். ஆறிலும் ஒரே வகை.
3. ஆறும் சோதனையில் நேராக, நன்றாக நின்றன.
4. இரண்டு வருடம் கழித்து ஒன்று காப்பார் சாலையில் நிற்கவில்லை.
5. மற்ற ஐந்தும் அதே போல் நிற்காமல் போகலாம் என்று தெரிந்ததும் தேடக் கிளம்பினோம்.
6. அந்த ஐந்து கார்களின் சொந்தக்காரர்களில் ஒருவருடைய முழுப் பெயர்கூட எங்களிடம் இல்லை.

எதையும் வரிசையாக எழுதிவிட்டால் எனக்கு மனம் அடங்கும். இந்த வரிசையை எத்தனையோ முறை எழுதிவிட்டேன், அடங்கவில்லை.

முப்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு பிரேக் பட்டறையில் பதினொரு வருடம் வேலை செய்தேன். பிரேக் ஓயில் பட்டுப்பட்டு கைத்தோல் வெடித்து, கையுறை போட்டாலும் ஆறாத நிலைக்கு வந்தபோது, இந்த வேலையை விட்டுவிடச் சொல்லிவிட்டார் டாக்டர். என் இடத்துக்கு வந்த இருவர் சென்ற மாதம் ஒரு படம் அனுப்பிக் கேட்டார்கள்: "அக்கா, பழைய கார்ல இந்தப் பித்தளைக் கட்டை என்னா பண்ணுது? கழட்டிப் போட்டுடலாமா?" அவர்கள் படித்த கார்களில் அந்த வேலையைக் கணினி செய்கிறது. கட்டையைத் தொடாதீர்கள் என்று மட்டும் பதில் போட்டேன். அது போதாது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

பொலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளோமா, ஒரு வருடப் பயிற்சி. அவ்வளவுதான் என் படிப்பு. பட்டறை முதலாளி ஹமீது அண்ணே அதையே பெரிதாக நினைத்தார். அவர் பள்ளிக்கூடம் அதிகம் போனவரில்லை. சரி செய்த காரைத் திருப்பிக் கொடுக்கும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் காலால் பெடலை மூன்று முறை மிதிப்பார். முதல் மிதி வேகமாக, இரண்டாவது மெதுவாக, மூன்றாவதை அழுத்தியபடி இருபது எண்ணுவார். பெடல் ஒரு நூல் இறங்கினாலும் கார் வெளியே போகாது. திட்டமாட்டார். தப்பு நடந்தால் துணியை எடுத்து விரல் விரலாகத் துடைப்பார். எந்த விரல் வரை போகிறார் என்று பார்த்தே தப்பின் அளவைத் தெரிந்துகொள்வோம்.

அவருக்கு ஆட்களின் பெயர் நிற்காது. காரும் ஊரும் நிற்கும். அதனால் எங்கள் வெள்ளைப் பலகையில் பெயரே இருக்காது. 'காப்பார் வெள்ளை', 'கேரி தீவு சிவப்பு', 'பிரிக்பீல்ட்ஸ் பச்சை' என்றுதான் எழுதுவோம். வழக்கமான வேலைக்காவது சீட்டு உண்டு. டிரம்மை மாற்றி டிஸ்க் போடுவது போன்ற வேலைக்கு அதுவும் இல்லை. அதற்கு முறையாக அனுமதி வாங்க வேண்டும், பெரும்பாலும் யாரும் வாங்குவதில்லை, ஆகவே எழுதுவதும் இல்லை. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்கும் கார்களை ஹாஃப்கட் என்போம். அதிலிருந்து பின் டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் எல்லாம் வாங்கி, பழைய உள்நாட்டு செடானில் ஏற்றுவோம். வார இறுதி வேலை. செய்வது நான்.

இதில் வால்வு எங்கே வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பிரேக் பிடித்தால் காரின் பாரம் முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகும். அந்த நேரத்தில் பின்சக்கரத்துக்கும் முழு அழுத்தம் போனால் அது முன்சக்கரத்துக்கு முன்பே இறுகிப் பூட்டிக்கொள்ளும். கார் சுற்றிவிடும். அதைத் தடுக்கத்தான் அந்தப் பித்தளைக் கட்டை. குறிப்பிட்ட அழுத்தம் வரை முன்னும் பின்னும் சமமாக விடும். அதற்கு மேல் பின்னால் போவதைக் குறைத்துக்கொண்டே வரும். டிரம் பிரேக், சக்கரம் சுழலும் வேகத்திலேயே தன்னை இழுத்து இறுக்கிக்கொள்ளும் தன்மை உடையது, அதனால் கொஞ்சம் அழுத்தமே போதும். டிஸ்க்குக்கு அந்தத் தன்மை இல்லை. டிரம்முக்கென்று செய்த வால்வை அப்படியே விட்டால் பின் டிஸ்க் பேருக்குத்தான் பிடிக்கும். வால்வே இல்லாமல் விட்டால் மழை நாளில் பின்பக்கம் முன்னால் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் தேர்ந்தெடுத்தது திருகு வைத்த வால்வு. திருகைச் சுற்றினால் எந்த அழுத்தத்தில் குறைக்கத் தொடங்க வேண்டும் என்பதை மாற்றலாம். முன்னால் ஒரு அழுத்தமானி, பின்னால் ஒன்று. பெடலைப் படிப்படியாக மிதித்து இரண்டையும் எழுதிக்கொள்வேன். பிறகு காலையில் ஆளில்லாத நேரத்தில் லோரி நிறுத்தும் திடலில் தண்ணீர் ஊற்றி, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக். வெளியே ஒருவர் நின்று எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று பார்ப்பார். பின்சக்கரம் முந்தினால் திருகில் அரைச் சுற்று. மறுபடி ஓட்டம். ஒரு காருக்குப் பதினைந்து ஓட்டம்கூடப் போயிருக்கிறது.

அந்த வால்வில் ஒரே உள்வழி, ஒரே வெளிவழிதான் உண்டு. காரிலோ பின்பக்கத்துக்கு இரண்டு குழாய்கள் போகின்றன. நான் என்ன செய்தேன் என்றால், இரண்டையும் மூன்று வாய் உள்ள ஒரு டி ஜாயின்ட்டில் சேர்த்து வால்வுக்குள் விட்டு, வெளியே வந்ததும் இன்னொரு டி ஜாயின்ட்டில் பிரித்துவிட்டேன். இரண்டு பின்சக்கரத்துக்கும் துல்லியமாக ஒரே அழுத்தம். இரண்டு வால்வு வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குத் திருகுவதைவிடச் சுத்தமான வேலை. ஏன் இதுவே சிறந்தது என்று என் நோட்டில் ஏழு காரணம் எழுதி வைத்திருந்தேன். ஹமீது அண்ணே படத்தைப் பார்த்துவிட்டு, "படிச்ச புள்ள போட்ட கோடு. நான் என்னா சொல்றது?" என்றார்.

முதல் கார் காப்பார் வெள்ளை. அதன் சொந்தக்காரர் தனபாலன், மீன் லோரி ஓட்டுபவர். காரைக் கொடுக்கும்போது பிரேக் பற்றி அவருக்கு ஒரு விளக்கமே கொடுத்தேன். அதன் பிறகு ஒரு வருடத்துக்குள் மற்ற ஐந்தும் போயின.

இரண்டு வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை தனபாலன் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கார் எங்கே என்று நான்தான் கேட்டேன்.

முந்தின நாள் மாலை மனைவியுடன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாராம். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி நின்றது. பிரேக்கை மிதித்தார். பெடல் எதிலும் தட்டாமல் தரைவரை போனது. மறுபடி மிதித்தார், ஒன்றுமில்லை. கியரைக் குறைத்து, கையால் இழுக்கும் பிரேக்கை இழுத்து, ஓரத்தில் இருந்த கால்வாய்ப் பக்கம் திருப்பினார். சின்னப் பாலத்தின் சுவரில் மோதித்தான் கார் நின்றது. மனைவிக்கு மணிக்கட்டு எலும்பு விரிசல். பின் இடது சக்கரத்தின் ரப்பர் குழாய், நாங்கள் ஓஸ் என்பது, எதிலோ உரசி உரசி ஓட்டையாகியிருந்தது.

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் பேசினார்.

"ஓஸ் கிழியிறது சகஜம், தங்கச்சி. லோரியில எனக்கே கிழிஞ்சிருக்கு. ஆனா நீங்கதானே சொன்னீங்க, ரெண்டு லைன் இருக்கு, ஒண்ணு போனா இன்னொண்ணு நிப்பாட்டும்னு. அந்த இன்னொண்ணு எங்க போச்சு?"

சொன்னது நான்தான். எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்வது. இந்தக் கார்களில் பிரேக் குறுக்காக இரண்டாகப் பிரிந்திருக்கும். முன் இடதும் பின் வலதும் ஒரு லைன், முன் வலதும் பின் இடதும் இன்னொரு லைன். ஒரு பக்கம் ஓயில் முழுக்கக் கொட்டினாலும் மற்ற லைன் பாதி பிரேக் தரும். எந்த மாணவரை எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

அவர் போனதும் நோட்டைத் திறந்தேன். படம் அழகாக இருந்தது. ஒரு லைனுக்குச் சிவப்பு மை, இன்னொன்றுக்கு நீலம். இரண்டும் சேரும் டி ஜாயின்ட்டில் பச்சைக்கு மாறியிருந்தேன். அங்கே எந்த நிறம் போடுவது என்று தெரியாமல் பச்சை போட்டிருக்கிறேன். கை நின்று யோசித்திருக்கிறது, நான் யோசிக்கவில்லை. அந்தப் பச்சைக் கோட்டில் இரண்டு லைனும் ஒன்றாகிவிட்டன. நான்கு சக்கரத்தில் எங்கே ஓட்டை விழுந்தாலும் நான்கும் போகும். நன்றாக இருக்கும்வரை எந்தச் சோதனையிலும் தெரியாது. ஏழு காரணத்தில் ஒன்றுகூட, ஏதாவது உடைந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றியதாக இல்லை.

ஹமீது அண்ணேயிடம் சொன்னேன். துணியை எடுத்தார். பத்து விரலும் முடிந்து மறுபடி கட்டைவிரலுக்கு வந்தார்.

"ஒரு காரு போனா அது ஓஸு. அஞ்சு பேரக் கூப்பிட்டு உன் பிரேக்கு சரியில்லன்னு சொன்னா, அது நம்ம கடை. யோசிச்சியா?"

"யோசிச்சேன் அண்ணே. அஞ்சு காரும் ரோட்லதான் ஓடுது."

"நீ சொல்றது எனக்குப் புரியல லா. காட்டு."

கிள்ளான் சாம்பல் என்று ஒரு கார். அந்த ஆறில் ஒன்று, சர்வீசுக்கு எங்களிடமே வருவது. அதிர்ஷ்டவசமாக அந்த வாரமே வந்தது. அண்ணேயை வெறும் காலோடு உட்காரவைத்தேன். பின்சக்கர பிரேக்கில், ஓயிலில் சேர்ந்த காற்றை வெளியேற்றும் சின்ன மூக்கில் குழாய் மாட்டி, நுனியைப் போத்தலில் விட்டு, மிதிக்கச் சொல்லிவிட்டு மூக்கைத் திறந்தேன். சரியான காரில் பெடல் பாதி இறங்கி, அங்கே கெட்டியாக நிற்கும். இது தரையில் போய் உட்கார்ந்தது. அவர் காலை எடுக்கவேயில்லை. இருபதுக்கு மேலும் எண்ணியிருப்பார். பிறகு இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு, "பலகை போட்டோ எல்லாம் எடு. எந்த எந்தக் காருன்னு நான் சொல்றேன்" என்றார்.

கைப்பேசியில் இருந்த பழைய பலகைப் படங்களில் ஊரும் நிறமும் இருந்தன. என் நோட்டில் திருகு எத்தனை சுற்று, எந்த அழுத்தத்தில் குறைகிறது, கார் எவ்வளவு எடை என்று எல்லாம் இருந்தது. ஆள் பெயர் எங்கேயும் இல்லை. பழைய எண்களில் பாதி வேலை செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கிளம்பினோம்.

கிள்ளான் பழுப்பு எளிதில் கிடைத்தது, ஒரு பழைய இரும்புக் கடையில். எஞ்சின் இல்லை, சக்கரம் இல்லை, என் வால்வு மட்டும் இருந்தது. எண்ணிக்கைக்காகத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

கேரி தீவுச் சிவப்பின் சொந்தக்காரர் தோட்டத்தில் டிராக்டர் பழுது பார்ப்பவர். வந்த காரணத்தை நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, முன் மூடியைத் திறந்தார். என் டி ஜாயின்ட்கள் இல்லை. அதே மாதிரி காரில் விலை கூடிய வகை ஒன்று உண்டு, கம்பெனியே பின் டிஸ்க்குடன் விற்றது. அதன் வால்வு அங்கே இருந்தது. ஒரே கட்டைக்குள் இரண்டு தனித்தனி வால்வு, இரண்டு லைனும் சேராமல்.

"வாங்கிட்டுப் போன ஒரு மாசத்துல மாத்திட்டேன். ரெண்டு லைனையும் கட்டிவெச்சிருந்திச்சே."

ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"டிப்ளோமா படிச்ச புள்ள போட்டது. டிராக்டர்காரன் சொன்னா கேப்பீங்களான்னு விட்டுட்டேன்." பிறகு சிரித்தார். "இப்பக் கேப்பீங்க போல."

திரும்பும்போது ஹமீது அண்ணே வண்டியை ஓட்டினார். நான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். டிராக்டர்காரர் ஒரு தரம் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் தனபாலன் மனைவியின் கை உடைந்திருக்காது. அவர் சொல்லத் தயங்கியதற்குக் காரணமும் நான்தான். பட்டறைக்கு வருகிறவர்களிடம் நான் எப்படிப் பேசியிருந்தேன் என்பது எனக்கே அன்றுதான் கேட்டது.

பிரிக்பீல்ட்ஸ் பச்சைதான் கடினமாக இருந்தது. அந்தத் தெருக்களில் நான்கு ஞாயிறு நடந்தோம். கடைசியில் ஒரு அடுக்குமாடி வீட்டின் கீழே, தூசித்துணி போர்த்திய பச்சைக் கார். சொந்தக்காரர் டியூஷன் எடுப்பவர், அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் டீச்சர். கீழே இறங்கி வந்து நாங்கள் சொன்னதைக் கேட்டார். சாவியைத் தரவில்லை.

"என் கார் பிரேக் தொட்டா நிக்குது. முந்தி இப்படி நின்னதே இல்ல. அதப் போய் கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்க."

"கெட்டுப்போகல டீச்சர். நல்லா இருக்கிற வரைக்கும் நல்லா இருக்கும்."

"எல்லாமே அப்படித்தானே மா."

காசு வேண்டாம், எங்கள் செலவிலேயே மாற்றித் தருகிறோம் என்றேன். முகம் இன்னும் இறுகியது. சும்மா செய்கிறேன் என்று வருகிறவர்களிடம்தான் பயம் என்றார். எதிர் வரிசை வீட்டுக்காரர் அப்படி வந்தவர்களை நம்பிக் கூரையை மாற்றிவிட்டு இப்போது வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறாராம். அடுத்த வெள்ளி தங்கையை அழைத்துக்கொண்டு ஈப்போ போகப் போகிறேன், வந்து பார்க்கலாம் என்று திரும்பினார்.

நெடுஞ்சாலை, மலைப்பகுதி இறக்கம், இரண்டு பேர். என்னால் விட்டுவிட முடியவில்லை. விளக்கினேன், நோட்டைக் காட்டினேன், சிவப்பு நீலம் எல்லாம் காட்டினேன். நான் பேசப்பேச அவர் ஒவ்வொரு படியாக மேலே ஏறிக்கொண்டிருந்தார். அப்போது ஹமீது அண்ணே, அதுவரை காருக்குப் பக்கத்தில் சும்மா நின்றவர், சொன்னார்:

"டீச்சர், நீங்க எங்களுக்குச் சாவியே தர வேணாம். நீங்களே உக்காருங்க. செருப்பக் கழட்டிட்டு பெடல மிதிங்க. அஞ்சு நிமிசம். அதுக்கப்புறம் போங்கன்னு சொன்னா போயிர்றோம்."

டீச்சர் உட்கார்ந்தார். நான் பின்சக்கரத்தருகே தரையில் படுத்து மூக்கைத் திறந்தேன். சத்தம் ஒன்றும் வரவில்லை. போத்தலில் ஓயில் ஏறியது. சக்கரத்துக்கு அப்பால் திறந்திருந்த கதவு வழியாக அவருடைய பாதம் தெரிந்தது. பெடலோடு சேர்ந்து அது தரைவரை போயிருந்தது. அவர் அதை எடுத்து மறுபடி மிதித்தார். மறுபடியும் போனது.

"இதுலதான் ரெண்டு வருசம் ஓட்டினேனா?"

அவர் இறங்கி, வெறும் காலோடு என் பக்கம் சுற்றி வந்து, நான் எழுந்திருக்கும்வரை நின்றார். கேட்டது ஒரே கேள்விதான்: "யாரு மா இத மாட்டினது?"

"நான்தான், டீச்சர்."

என்னைப் பார்த்தார். திட்டு வரும் என்று நின்றேன். "சரி. தப்பு செஞ்ச புள்ளையே வந்து சொல்லுதே" என்று அண்ணேயிடம் சொல்லிவிட்டு, சாவியை என் கையில் வைத்தார். அந்தச் சொல்லை நான் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. காப்பாரில் ஒரு கை உடைந்த பிறகு வந்தவள் நான். காரை ஓட்டாமல் இழுவை லோரியில் ஏற்றிக் கிள்ளானுக்குக் கொண்டுவந்தோம். டீச்சர் ஈப்போவுக்குப் பேருந்தில் போனார்.

இளையவர்கள் கேட்டதற்கு என் பதில் இது. பின் டிஸ்க் மாற்றுகிறீர்கள் என்றால், முதலில் அந்தக் காரின் லைன் குறுக்காகப் பிரிந்திருக்கிறதா, முன் பின் என்று பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். முன் பின் என்றால் பின்னால் போவது ஒரே லைன், திருகு வால்வு ஒன்று போதும். குறுக்கே என்றால் இரட்டை வால்வு, அதே காரின் டிஸ்க் வகையிலிருந்து எடுத்தது. கேலிப்பரும் அதே வகையாக இருக்கட்டும், ஹாஃப்கட்டில் கிடைத்தது என்று பெரிய பிஸ்டனை ஏற்றாதீர்கள். அழுத்தமானி வையுங்கள். ஈரத்திடலில் ஓட்டிப் பாருங்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒவ்வொரு லைனாக மூக்கைத் திறந்து, பெடல் எங்கே நிற்கிறது என்று காலால் பாருங்கள். ரப்பர் குழாய் எதில் உரசுகிறது என்று ஸ்டீரிங்கைத் திருப்பியும் காரைத் தூக்கியும் இறக்கியும் பாருங்கள். வாடிக்கையாளரின் முழுப் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். பலகையில் நிறத்தை எழுதினால் போதாது.

இன்றைய நிலை:

காப்பார் வெள்ளை: சரிசெய்து கொடுத்தோம். தனபாலன் அதை விற்றுவிட்டார். அவர் மனைவியின் கை கூடிவிட்டது, மழை நாளில் வலிக்கிறது என்கிறார்.
கிள்ளான் சாம்பல்: மாற்றியாயிற்று.
கிள்ளான் பழுப்பு: இரும்புக் கடையில்.
கேரி தீவுச் சிவப்பு: சொந்தக்காரரே மாற்றிவிட்டார்.
பிரிக்பீல்ட்ஸ் பச்சை: மாற்றியாயிற்று.
தெலுக் பங்லிமா காராங் நீலம்: கிடைக்கவில்லை.

நீலத்தின் சொந்தக்காரர் அங்கே ஏதோ தொழிற்சாலையில் வேலை செய்தவர், எல்லோரையும் முதலாளி என்கிற மாதிரி 'போஸ்' என்று கூப்பிடுவார். பின் இடது கதவின் கைப்பிடி மட்டும் கறுப்பு. அவ்வளவுதான் எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் தொழிற்சாலை வாசல்களில் நின்று பார்த்திருக்கிறேன். வேலையை விட்ட பிறகும் மாதம் இரண்டு முறை போகிறேன். சிவப்பு விளக்கில் பழைய நீலக் கார் எது நின்றாலும் அதன் கதவைப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. கைமாறியிருக்கலாம், நிறமும் மாறியிருக்கலாம். ஆகவே நிறத்தை நம்பாதீர்கள். முன் மூடியைத் திறந்து, பிரேக் ஓயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் பம்புக்குப் பக்கத்தில் இரண்டு குழாய்கள் ஒன்றாகச் சேர்ந்து, திருகு வைத்த ஒரே வால்வுக்குள் போகின்றனவா என்று பாருங்கள். போனால் காரை ஓட்டாதீர்கள். எந்தப் பட்டறைக்காவது இழுத்துக்கொண்டு போங்கள்.

ஆறில் ஐந்து முடிந்தது. ஒன்று இன்னும் முடியவில்லை.